முட்டி தேய்ந்துவிட்டது என்று சொல்லி எங்களை உட்கார வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழில் முழங்கால் வலி பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. எலும்பு தேய்கிறது, ஜவ்வு தேய்கிறது, அறுபது வயதுக்கு மேல் படி ஏறக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது, அதிகம் நடக்கக் கூடாது என்று பக்கம் முழுக்க ‘கூடாது’தான். என்னதான் செய்யலாம் என்பதற்குக் கடைசியில் ஒரே ஒரு வரி: ‘மருத்துவர் ஆலோசனையின்படி எளிய உடற்பயிற்சிகள் செய்யலாம்.’ ஐயா, முதலில் வரவேண்டிய வரி அது. அதைத்தான் படம் போட்டு, எத்தனை முறை, எப்படி, வலித்தால் என்ன செய்வது என்று விளக்கியிருக்க வேண்டும். அந்த ஒரு வரி எனக்கு எட்டு மாதம் தாமதமாகக் கிடைத்தது என்பதால் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நான் உயர்நிலைப் பள்ளியில் 31 வருடம் அறிவியல் எடுத்தவள். ஊர் ஒட்டன்சத்திரம். 2022ல் ஓய்வு பெற்றேன். எங்கள் பள்ளியில் ஆய்வகம் மாடியில் இருந்தது, ஒரு நாளைக்கு ஆறேழு தடவையாவது ஏறி இறங்குவேன். அப்போதே வலது முட்டி இறங்கும்போது லேசாகக் குத்தும், மாலையில் தைலம் தடவினால் சரியாகிவிடும். வேலை நின்றதும் வலியும் நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். நடந்தது நேர்மாறு. வீட்டில் உட்கார்ந்த ஆறாவது மாதம்தான் வலி பெரிதானது. அதிலேயே விஷயம் இருந்திருக்கிறது, அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். மருத்துவர் படத்தை விளக்கில் மாட்டி, பேனா முனையால் உள்பக்கம் தொட்டுக் காட்டினார். “பாருங்கம்மா, இங்க இடைவெளி குறைஞ்சுபோச்சு, தேய்மானம். நடையைக் குறைங்க, படி ஏறாதீங்க, கீழே உட்காராதீங்க. இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஓட்டலாம், அப்புறம் மூட்டை மாத்திரலாம்.” மொத்தம் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வலி மாத்திரை, கால்சியம் மாத்திரை, முட்டியில் மாட்டிக்கொள்ள ஒரு ‘நீ கேப்’ உறை. முட்டியை மடக்கி நீட்டச் சொல்லவில்லை, தொடையைத் தொட்டுப் பார்க்கவில்லை, எழுந்து நடந்து காட்டுங்கள் என்றும் கேட்கவில்லை.

‘ஓட்டலாம்’ என்ற சொல் என் மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது. டயருக்குச் சொல்வது போல. அதற்கப்புறம் நான் ஒவ்வொரு அடியையும் எண்ணிச் செலவழிக்க ஆரம்பித்தேன். துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போவதை நிறுத்தினேன். ரேஷன் கடைக்கு மகன், பால் வாங்க மருமகள், பூப்பறிக்கப் பேத்தி. “அத்தை, நீங்க உட்காருங்க, நான் பார்த்துக்கறேன்” என்று மருமகள் ஓடி ஓடிச் செய்தாள், பாசத்தில்தான். எட்டு மாதத்தில் ஏழு கிலோ கூடியது. வலி குறையவே இல்லை. ஒரு நாள் காலை கழிவறையில் இருந்து எழுந்திருக்க முடியாமல், அதுவும் வெஸ்டர்ன் கழிவறையில் இருந்து, மருமகளைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவள் அக்குளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கினாள். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். 31 வருடம் நின்றுகொண்டே பாடம் எடுத்த கால் அது.

எதிர்வீட்டில் பூக்கட்டும் அக்கா ஒருவர் இருக்கிறார். முட்டி வலிக்கு மின்சாரச் சிகிச்சை எடுக்க, அதாவது ‘கரண்ட் வைக்க’, தாலுகா அரசு மருத்துவமனைக்கு வாரம் இரண்டு நாள் போய் வருவார். “நீங்களும் வாங்க டீச்சர், சும்மா கரண்ட் வச்சுட்டு வருவோம்” என்று கூப்பிட்டார். சரி என்று போனேன். அங்கே இருந்த பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண், என்னிடம் படித்த பிள்ளைகளை விடவும் சின்னவளாகத் தெரிந்தாள். எக்ஸ்ரேயை நீட்டினேன். வாங்கி மேசை மேல் வைத்துவிட்டு, “இதை அப்புறம் பார்க்கலாம் டீச்சர், முதல்ல அந்தச் சேர்ல உட்கார்ந்து, கை ரெண்டையும் நெஞ்சுக்குக் குறுக்கே வச்சுக்கிட்டு எந்திரிங்க” என்றாள். முடியவில்லை. மூன்று தடவை முயன்றேன், மூன்று தடவையும் தொப்பென்று உட்கார்ந்தேன். அப்புறம் இஞ்ச் டேப் எடுத்து முட்டிக்கு மேலே ஒரே உயரத்தில் இரண்டு தொடையையும் அளந்தாள். வலது தொடை இடது தொடையைவிட மூன்று சென்டிமீட்டர் குறைவு. “வலி முட்டியில இருக்கு, ஆனா வேலை பாக்காம இருக்கிறது தொடை. நாம தொடைக்குத்தான் பாடம் எடுக்கப் போறோம்.”

இந்த இடத்தில் கொஞ்சம் அறிவியல் சொல்ல அனுமதியுங்கள், பழக்கம் விடவில்லை.

முழங்கால் மூட்டில் எலும்புகளின் முனையை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பைத்தான் ஊரில் ஜவ்வு என்கிறோம். அதற்கு ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. அப்படியானால் அதற்குச் சாப்பாடு எங்கிருந்து? மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் இருந்து. எப்படிப் போகிறது? பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தினால் தண்ணீர் வெளியே வரும், விட்டால் உறிஞ்சும். கால் ஊன்றும்போது எடை ஏறி, தூக்கும்போது எடை இறங்கி, அந்த ஏற்ற இறக்கத்தில்தான் குருத்தெலும்புக்குள் திரவம் போய்வருகிறது. உள்ளே உயிருள்ள செல்கள் இருக்கின்றன. டயரில் உயிர் கிடையாது, ஓட ஓடத் தேயத்தான் செய்யும். முட்டி அப்படி இல்லை. அளவாக எடை தாங்கி அசைவதுதான் அதற்குச் சாப்பாடு. எட்டு மாதம் நான் என் முட்டியைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பட்டினி போட்டிருக்கிறேன்.

அடுத்தது தசை. தொடையின் முன்பக்கம் நான்கு தலை கொண்ட பெரிய தசை, அதுதான் முட்டிச் சில்லைப் பிடித்து இழுத்துக் காலை நீட்டுகிறது, படி இறங்கும்போது உடம்பு தடாலென்று விழாமல் பிடித்துக்கொள்கிறது. முட்டியில் வலியும் வீக்கமும் இருந்தால் நரம்பு மண்டலம் அந்தத் தசைக்குப் போகும் கட்டளையையே குறைத்துவிடுகிறது. தசை மெலிகிறது. மெலிந்த தசை அதிர்ச்சியைத் தாங்காது, எல்லாம் மூட்டின் மேல் விழுகிறது, வலி கூடுகிறது, வலி கூடியதால் இன்னும் உட்காருகிறோம். இந்தச் சுற்றை மாத்திரை உடைக்காது. எங்காவது ஓர் இடத்தில் தசையை வேலை வாங்கித்தான் உடைக்க வேண்டும்.

எக்ஸ்ரே பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில், எக்ஸ்ரேயில் முழங்கால் தேய்மானம் எதுவும் தெரியாத, 50 வயது தாண்டிய 710 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2012ல் வெளியிட்டார்கள். 89 சதவீதம் பேருக்கு உள்ளே ஏதோ ஒரு மாற்றம் இருந்தது. முட்டி வலிக்கிறது என்றவர்களிடமும் வலியே இல்லை என்றவர்களிடமும் கிட்டத்தட்ட ஒரே அளவில்! படத்தில் தெரிவது வேறு, வலி வேறு. ஐம்பதைத் தாண்டினால் தலை நரைப்பது போல முட்டிக்குள்ளும் மாற்றம் வரும். நரைத்த தலையைக் காட்டி யாரும் ‘இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டலாம்’ என்று சொல்வதில்லை. இங்கிலாந்தில் அரசு மருத்துவத்துக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2022 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், 45 வயதுக்கு மேல், நடமாடும்போது வலி, காலையில் விறைப்பு இல்லை அல்லது அரை மணி நேரத்துக்குள் போய்விடுகிறது என்றால், வழக்கமான இந்த மூட்டுத் தேய்மான நோய் என்று முடிவு செய்ய எக்ஸ்ரேயே தேவையில்லை என்கிறது. முதல் சிகிச்சையாக எல்லோருக்கும் கொடுக்கச் சொல்வது அவரவருக்கு ஏற்ற உடற்பயிற்சியைத்தான்.

சரி, அந்தப் பெண் எனக்கு என்ன கற்றுக்கொடுத்தாள் என்று சொல்கிறேன்.

முதல் வாரம் கட்டிலில் படுத்தபடிதான். துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, அதை மெத்தையோடு நசுக்குவது போல முட்டியால் அழுத்தி, ஐந்து எண்ணிவிட்டு விடவேண்டும். பத்து தடவை. வாய்விட்டு எண்ணச் சொன்னாள், மனதுக்குள் எண்ணினால் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம், அது ரத்த அழுத்தக்காரர்களுக்கு ஆகாது. நான் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே செய்தேன். அப்புறம் ஒரு காலை மடக்கி ஊன்றிக்கொண்டு மற்றக் காலை மடக்காமல் ஒரு முழ உயரம் தூக்கி இறக்குவது. ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்குவது, இது இடுப்புத் தசைக்கு, இடுப்பு ஆடினால் முட்டி உள்பக்கமாகச் சாயும் என்பதால். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது.

ஆனால் எல்லாவற்றிலும் பெரியது நாற்காலிதான். சுவரில் முட்டுக்கொடுத்து ஒரு நாற்காலி, பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும் என்று மர நாற்காலி, அதன் மேல் இரண்டு தலையணை. பாதம் முட்டிக்குச் சற்றுப் பின்னால், முதுகு வளையாமல் மூக்கு கால் கட்டைவிரலுக்கு மேலே வரும் வரை முன்னால் சாய்ந்து, அப்புறம் எழ வேண்டும். எழுவதைவிட உட்காருவது முக்கியம் என்றாள். மூன்று எண்ணும் அளவுக்கு மெதுவாக, முட்டையின் மேல் உட்காருவது போல. முதல் நாள் இரண்டு தலையணையோடு ஐந்து தடவை. மூன்றாவது வாரம் ஒரு தலையணையை எடுத்தோம். ஐந்தாவது வாரம் வெறும் நாற்காலி. அன்றைக்குப் பேத்தி கை தட்டினாள். ஏழாவது வாரத்தில் வாசல் படி, முதல் படி மட்டும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்குவது. ஒன்பதாவது வாரம் கணுக்காலில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைத் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டு காலை நீட்டினேன். எடை கூடிக்கொண்டே போகவேண்டும், அதே பத்து தடவையை வருடம் முழுக்கச் செய்தால் தசைக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது. தசைப் பயிற்சி ஒரு நாள் விட்டு ஒரு நாள், நடை தினமும். நடை ஐந்து நிமிடத்தில் ஆரம்பித்தது.

வலித்தால்? எல்லோரும் பயந்து நிறுத்துவது இங்கேதான். நானும் நான்காம் நாளே நிறுத்தப் பார்த்தேன். அவள் சொன்ன கணக்கு எனக்குப் பிடித்துப்போனது. “டீச்சர், வலிக்குப் பத்துக்கு மார்க் போடுங்க. ரெண்டு வரைக்கும் கவலையே வேண்டாம். அஞ்சு வரைக்கும் பரவாயில்லை, செய்யலாம். அஞ்சைத் தாண்டினா அன்னைக்குக் குறைச்சுக்கங்க. மறுநாள் காலையில பழைய மார்க்குக்கு வந்துட்டா நேத்து செஞ்சது சரியான அளவு. வரலைன்னா ஒரு படி இறங்குங்க, நிறுத்தாதீங்க.” பழைய ரெக்கார்ட் நோட்டு ஒன்றை எடுத்து தினமும் மார்க் போட்டேன். முதல் இரண்டு வாரம் நாலு, நாலு, ஐந்து, நாலு. வலி கூடியது போலவே இருந்தது. ஆறாவது வாரம்தான் மூன்று என்ற எண்ணே முதன்முதலாக வந்தது. இரண்டு வாரம் செய்துவிட்டு ‘நமக்கு ஒத்துக்கல’ என்று விடுபவர்களுக்கு இந்த நோட்டைக் காட்ட ஆசைப்படுகிறேன். மாத்திரை அரை மணியில் வேலை செய்யும், தசை வளர ஆறு வாரம், பன்னிரண்டு வாரம் ஆகும். இதை முதல் நாளே யாராவது சொல்லிவிட்டால் பாதிப் பேர் விடமாட்டார்கள்.

பன்னிரண்டாவது வாரம் முப்பது விநாடியில் கை ஊன்றாமல் 11 தடவை எழுந்து உட்கார்ந்தேன். வலி முழுதாகப் போகவில்லை, இன்றைக்கும் ஒன்று, இரண்டு இருக்கிறது, மழைக்காலத்தில் மூன்றுகூட. ஆனால் மொட்டை மாடியில் வடகம் நான்தான் காயப்போடுகிறேன். போன தைப்பூசத்துக்கு எங்கள் ஊர் வழியாகப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்குத் தெருவில் நின்று மோர் ஊற்றினேன், முன்பு செய்தது போலவே, காலையில் இருந்து மத்தியானம் வரை. மாசியில் பழனி யானைப் பாதை வழியாக மெதுவாக, நின்று நின்று மலையேறினேன். விஞ்சிலும் ரோப் காரிலும் போகிறவர்களைக் குறை சொல்லவில்லை, முடியாதவர்களுக்கு அது பெரிய வசதி. எனக்கு நடந்து போக வேண்டும் என்றிருந்தது.

என் ஒருத்தியின் கதையை வைத்து ஊருக்கே மருந்து சொல்லக்கூடாது என்று வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்காத சோதனை சோதனையே இல்லை. அதனால் தேடிப் படித்தேன். டென்மார்க்கில் மூட்டு வலிக்காரர்களுக்காக 2013ல் ஆரம்பித்த ‘கிளாட்’ என்ற திட்டம்: இரண்டு வகுப்பு விளக்கத்துக்கு, அப்புறம் வாரம் இரண்டு நாள் வீதம் ஆறு வாரம், ஒரு பிசியோதெரபிஸ்ட் பார்வையில் கூட்டாகப் பயிற்சி. எனக்குச் சொல்லப்பட்ட அந்த மார்க் கணக்கு அங்கேயும் இருக்கிறது. ஆஸ்திரேலியா, கனடா, சீனா என்று பல நாடுகளுக்கு அது போயிருக்கிறது. 2020ல் அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் முட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி, ஒரு பக்கம் பிசியோதெரபி என்று கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்து வலி குறைவாக இருந்ததும் நன்றாக நடமாடியதும் பிசியோதெரபி எடுத்தவர்கள்தான். அதற்கு முன் 2017ல் வந்த இன்னொரு ஆய்வில், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்று இரண்டு வருடம் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட வலி ஒன்றும் அதிகமாகக் குறையவில்லை, குருத்தெலும்புதான் அதிகம் மெலிந்திருந்தது. ‘ஊசி போட்டா சரியாயிடும்’ என்று வருடத்துக்கு நான்கு தடவை போட்டுக்கொள்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

2002ல் வந்த ஓர் ஆய்வை அறிவியல் ஆசிரியர்கள் எல்லோரும் வகுப்பில் சொல்ல வேண்டும். ஹூஸ்டனில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் 180 பேர். சிலருக்கு முட்டிக்குள் குழாய் விட்டுச் சுத்தம் செய்யும் அறுவை சிகிச்சை, சிலருக்குத் தோலில் கீறித் தையல் போட்டது மட்டும். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. இரண்டு வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் வலியில் வித்தியாசமே இல்லை. அவ்வளவு துணிச்சலாக ஒரு சிகிச்சையைச் சோதித்துப் பார்த்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் மரியாதை வருகிறது.

அதற்காக அறுவை சிகிச்சையே வேண்டாம் என்று எழுத வரவில்லை. டென்மார்க்கில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குத் தகுதியான 100 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு அறுவை சிகிச்சையும் பயிற்சியும், பாதிப் பேருக்குப் பயிற்சி, எடைக் குறைப்பு, தேவைப்பட்டால் மருந்து என்று கொடுத்த ஆய்வு 2015ல் வந்தது. அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு வலி அதிகமாகக் குறைந்தது உண்மை. அவர்களுக்குப் பெரிய பக்க விளைவுகளும் அதிகம். ஆனால் பயிற்சிப் பக்கம் இருந்த 50 பேரில் அந்த ஒரு வருடத்துக்குள் அறுவை சிகிச்சைக்குப் போனவர்கள் 13 பேர்தான். கத்தி வைக்க வேண்டும் என்ற நிலையில் வந்தவர்களில் நான்கில் மூன்று பேர் அந்த வருடத்தைப் பயிற்சியோடு கடந்திருக்கிறார்கள். கால் வில்லாக வளைந்து, ராத்திரி தூக்கமில்லாமல், பயிற்சியும் செய்து பார்த்து முடியாதவர்களுக்கு மூட்டு மாற்று நல்ல சிகிச்சைதான், தள்ளிப்போட்டு அவதிப்பட வேண்டியதில்லை. அதில் பொருத்தும் செயற்கை மூட்டுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்ததும் பெரிய உதவி. என் வருத்தம், பயிற்சி என்ற படியையே காட்டாமல் நேராக அங்கே கூட்டிப்போவதில்தான்.

பிசியோதெரபி என்ற பெயரில் நடப்பதைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். பூக்கட்டும் அக்கா அரசு மருத்துவமனைக்கு வருவதற்கு முன் ஒரு தனியார் மையத்துக்குப் போயிருக்கிறார். படுக்கவைத்து, கரண்ட் இருபது நிமிடம், மெழுகு ஒத்தடம் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு 300 ரூபாய், இருபது நாள். எழுந்து ஒரு பயிற்சி செய்யச் சொல்லவில்லை. பூ விற்று வரும் காசு அது, மல்லிகை விலை ஏறும் நாளில்கூட அவர் கையில் நிற்காத காசு. நான் சொன்ன நைஸ் வழிகாட்டுதலிலேயே, இந்த நோய்க்கு மின்சாரச் சிகிச்சைகளைக் கொடுக்க வேண்டாம், பலன் தரும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று இருக்கிறது. கதகதப்பு இதமாக இருக்கும், வேண்டாம் என்று சொல்லவில்லை, வெந்நீர்ப் பை வைத்தால் வீட்டிலேயே கிடைக்கும். ஆனால் படுத்திருக்கும் நோயாளிக்குத் தசை வளராது. பிசியோதெரபி படித்த பிள்ளைகளுக்கு இது நன்றாகவே தெரியும். நான்கரை வருடம் படித்துவிட்டு இயந்திரத்துக்கு ஸ்விட்ச் போட்டுக்கொண்டிருக்க அவர்களுக்கும் ஆசை இருக்காது. நோயாளிகள் ‘கரண்ட் வைங்க’ என்று கேட்கிறார்கள், மையம் நடத்துகிறவர்களும் வைக்கச் சொல்கிறார்கள்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டியின் மேல் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று 2005ல் அமெரிக்காவில் கணக்கிட்டிருக்கிறார்கள். ஏழு கிலோவில் நான் நான்கரை குறைத்திருக்கிறேன், ராத்திரி இட்லியை நான்கில் இருந்து இரண்டாக்கி, சுண்டலும் முட்டையும் கூட்டி. தசை வளரப் புரதம் வேண்டும், வெறும் ரசம் சாதம் போதாது.

பயிற்சி எல்லாவற்றுக்கும் பொருந்தாது, அதையும் சொல்லாவிட்டால் தவறாகிவிடும். முட்டி சிவந்து, சுட்டு, காய்ச்சலோடு வீங்கினால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும். கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால், விழுந்து அடிபட்டு ஊன்ற முடியாவிட்டால், முட்டி மடங்கிய இடத்திலேயே பூட்டிக்கொண்டால், நாற்காலியை எடுக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். காலையில் கை விரல் மூட்டெல்லாம் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் அது முடக்குவாதம் போன்ற வேறு நோயாக இருக்கலாம், அதற்கு வேறு மருந்து, சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டிய மருந்து. இதய நோய் உள்ளவர்கள் கேட்டுவிட்டு ஆரம்பிக்கலாம்.

அரசுக்கு ஒரு கோரிக்கை, உங்கள் வழியாக. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ஆரம்பித்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை, அதாவது பிசியோதெரபி, கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. பக்கவாதத்தில் படுத்துவிட்டவர்களுக்கு அது எவ்வளவு பெரிய கொடை என்று எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். ஆனால் முட்டி வலிக்காரர் படுத்தபின் வீட்டுக்கு வருவதைவிட, நடக்கும்போதே கூப்பிட்டுக் கற்றுக்கொடுப்பது எளிது. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாரம் இரண்டு நாள் மாலை, பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரு வகுப்பு, ஆறு வாரம். தேவையானது நாற்காலிகள், ஒரு படிக்கட்டு, ஒரு பயிற்சியாளர். இயந்திரம் எதுவும் வாங்க வேண்டாம். சர்க்கரை மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் மாதா மாதம் வருகிறவர்களில் எத்தனையோ பேர் முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள், அதே பயிற்சி அந்த இரண்டு நோய்க்கும் நல்லது. மருத்துவர்கள் சீட்டில் மாத்திரைக்கு மேலே முதல் வரியாக ‘நாற்காலிப் பயிற்சி, பத்து தடவை, இரண்டு வேளை’ என்று எழுதிக்கொடுத்தால் ஜனங்கள் செய்வார்கள். சீட்டில் எழுதியிருந்தால் நாங்கள் மதிப்போம்.

வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். அம்மாவுக்கு முட்டி வலி என்றதும் எல்லா வேலையையும் கையில் இருந்து பிடுங்காதீர்கள். என் மருமகள் இப்போது “அத்தை, நீங்க உட்காருங்க” என்பதற்குப் பதில் “அத்தை, பத்து ஆச்சா?” என்று கேட்கிறாள்.

எங்கள் தெருவில் செவ்வாயும் வெள்ளியும் மாலை ஐந்து மணிக்கு என் வீட்டு முற்றத்தில் கூடுகிறோம். ஒன்பது பெண்கள், இரண்டு ஆண்கள், அதில் ஒருவர் மார்க்கெட்டில் நாற்பது வருடம் மூட்டை தூக்கியவர். ஒவ்வொருவரையும் தாலுகா மருத்துவமனைப் பெண்ணிடம் ஒரு தடவை காட்டி அளவு கேட்டுவிட்டுத்தான் சேர்த்துக்கொள்கிறேன், நான் ஆசிரியைதான், சிகிச்சை சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. பூக்கட்டும் அக்கா போன வாரம் முதல் தலையணையை எடுத்துவிட்டார். உங்கள் இணைப்பிதழில் அடுத்த முறை மூட்டுவலிக்கு இடம் ஒதுக்கும்போது, எலும்பு எலும்போடு உரசும் அந்தச் சிவப்புப் படத்தை எடுத்துவிட்டு, சுவர் ஓரம் ஒரு நாற்காலி, இரண்டு தலையணை, அதில் இருந்து எழும் ஒரு அம்மா என்று நான்கு படம் வரிசையாகப் போடுங்கள். கத்தரித்துக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவைக்க எங்கள் பதினொரு பேருக்கும் ஆளுக்கு ஒரு பிரதி வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் மாவட்டம்.